பிட்டுப் பார்க்கிற மேஸ்திரி

பெருமாள்மலையில் பஸ் நிற்கிற இடத்துக்கு எதிரே, டீக்கடையை ஒட்டி, தகரக் கூரை போட்ட மோட்டார் பட்டறை ஒன்று இருந்தது. அதன் மேஸ்திரி வடையைப் பிட்டுப் பார்க்காமல் வாயில் வைத்ததை யாரும் கண்டதில்லை. பிட்டு, இரண்டு பாதியையும் வெளிச்சத்துக்குக் காட்டி, மோந்து, பிறகு டீக்கடைக்காரரை ஒரு பார்வை பார்ப்பார்.

“பருப்பு நேத்து ஊறப் போட்டதா?”

“இன்னிக்கு வெள்ளனே போட்டதுண்ணே.”

“யாரு சொன்னா?”

“போட்டவன் நான்தாண்ணே. நானே சொல்றேன்.”

“அதான். நீ சொல்ற.”

தினமும் இதே பேச்சுதான். தினமும் அதே கடையில்தான் தின்பார். மற்ற கடைகளை அவர் இந்த அளவுகூட நம்பவில்லை.

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், இத்தனை வருஷம் கழித்தும் எங்கிருந்தாவது வந்து, “அது என் பேருன்னு யாரு சொன்னா?” என்று கேட்டுவிடுவாரோ என்று எனக்கு இன்னும் ஒரு பயம் இருக்கிறது.

நான் அப்போது மதுரையில், மோட்டார் வண்டிகளைப் பதிவு செய்கிற ஆபீஸில் குமாஸ்தா. மலைமேல் இருப்பவர்கள் வண்டியோடு மதுரைக்கு இறங்கி அலைய வேண்டாம் என்று எங்கள் பிரேக் இன்ஸ்பெக்டர் மாதத்துக்கு ஒரு நாள் கொடைக்கானலில் முகாம் போடுவார். அவர் ஜீப்பில் போவார். நான் ஃபைல் மூட்டையைக் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போவேன். வத்தலக்குண்டிலிருந்து முக்கி முனகி ஏறிய பஸ் பெருமாள்மலையில் நின்று தண்ணீர் குடிக்கும். அந்த இடைவெளியில் டீக்கடைக்குப் போனதில்தான் மேஸ்திரி பழக்கமானார். பழக்கம் என்பதுகூடப் பெரிய வார்த்தை. முதல் தடவை நான் இன்ன ஆபீஸிலிருந்து வருகிறேன் என்று சொன்னதும், “யாரு சொன்னா?” என்றார். எனக்குச் சுருக்கென்றது. மூட்டையைப் பிரித்து ரப்பர் ஸ்டாம்பை எடுத்துக் காட்டினேன். அதைத் தலைகீழாகத் திருப்பி, எழுத்தெல்லாம் இடவலம் மாறியிருக்கிறதே என்று கேட்டார். டீக்கடைக்காரர் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

அவர் சந்தேகப்படாத பொருள் என்று எதையும் நான் பார்த்ததில்லை. பெட்ரோலை உள்ளங்கையில் ஊற்றிக் காயவிட்டு, மண்ணெண்ணெய் வாடை வருகிறதா என்று பார்ப்பார். பண்ணைக்காட்டிலிருந்து மலைவாழைத் தார் வந்தால் நடுச்சீப்பில் ஒரு பழத்தை உரித்து, புகை போட்டுப் பழுக்க வைத்ததா என்று காம்பை நாக்கில் வைத்துப் பார்ப்பார். பட்டறையைப் பூட்டிவிட்டுப் பத்து அடி நடப்பார். திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். மறுபடியும் பத்து அடி. மறுபடியும் இழுவை. மூன்று தடவைக்குக் குறைந்து அவர் வீட்டுக்குப் போனதில்லை. உதவிக்கு ஆள் வைத்துக்கொள்ளவும் இல்லை. லாரி எஞ்சினைக்கூட ஒற்றை ஆளாகச் சங்கிலி போட்டுத்தான் இறக்குவார். ஏன் என்று கேட்டதற்கு, “ஆளு இருந்தா எஞ்சினையும் பாக்கணும், ஆளையும் பாக்கணும். எனக்கு ரெண்டு கண்ணுதான்” என்றார்.

லாரி டிரைவர்கள் அவரிடம் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வதைப் பார்க்க நன்றாக இருக்கும்.

“மேஸ்திரி, கியர் பாக்ஸ்ல சத்தம் வருது.”

“நீ கேட்டியா?”

“கிளீனர் சொன்னான்.”

“அப்பக் கிளீனர இங்கன விட்டுட்டுப் போ. அவனத்தான் கழட்டிப் பாக்கணும்.”

இப்படிச் சொல்கிறாரே ஒழிய, அவர் கை வைத்த வண்டி மறுபடியும் வழியில் நின்றதாகக் கேள்விப்பட்டதில்லை. அதனால் ஒட்டன்சத்திரத்துக் காய்கறி லாரிக்காரர்கள்கூடச் சுற்று வழியில் ஏறி வந்து அவரிடம்தான் திட்டு வாங்கினார்கள்.

ஆனால் அந்தக் குணம் எப்போதும் சிரிக்கிற மாதிரி இருக்கவில்லை. ஒரு தடவை அவருடைய பெரிய ஸ்பானர் காணாமல் போயிற்று. டீக்கடைக்காரரின் மச்சினன் மீது பழி போட்டார். நேரில் கேட்டால்கூடப் பரவாயில்லை. அவன் எங்கே நின்றாலும் அவன் இடுப்பையும் பையையும் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று நாள் பார்த்தார். அவன் அழுதுவிட்டான். நாலாவது நாள் ஸ்பானர் அவருடைய தார்ப்பாய்ச் சுருட்டுக்குள்ளேயே கிடந்தது. மன்னிப்புக் கேட்பார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் கடைக்கு வந்தார், இரண்டு வடை கேட்டார், இரண்டையும் பிட்டுப் பார்க்காமல் முழுசாகத் தின்றார், டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். டீக்கடைக்காரர் மச்சினனிடம், “ஏலே, பாத்தியா? மன்னிப்புக் கேட்டுட்டாரு” என்றாராம். இதை டீக்கடைக்காரரே என்னிடம் சொன்னார். அதற்குப் பிறகு நான் மேஸ்திரியிடம் கொஞ்சம் தள்ளியே நின்றேன். ஒருவனை மூன்று நாள் அழவைத்துவிட்டு இரண்டு வடையில் சரிக்கட்டுவதா என்று எனக்குக் கோபமாக இருந்தது.

இனி அந்தச் சிவப்புக் காருக்கு வருகிறேன்.

கொடைக்கானலில் ஏரிக்கு மேலே ஒரு வெள்ளைக்காரத் துரை தனியாக இருந்தார். ஐம்பதுகளின் நடுவில், நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றோ நாலோ மாதம் ஆகியிருந்தபோது, கப்பலில் ஒரு ஸ்போர்ட்ஸ் காரை வரவழைத்தார். இரண்டே பேர் உட்காரலாம். தாழ்ந்து, நீண்டு, நல்ல சிவப்பில் இருந்தது. மலை முழுக்க அதைத்தான் பேசினார்கள். அதைப் பதிவு செய்ய நாங்கள் துரையின் பங்களாவுக்கே போனோம்.

பதிவு செய்யும்போது எஞ்சின் நம்பரைக் கண்ணால் பார்த்து எழுதினால் போதாது. நம்பர் இருக்கிற இடத்தைத் துடைத்து, மெல்லிய தாளை அதன்மேல் அழுத்திப் பிடித்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்க வேண்டும். நம்பர் அப்படியே தாளில் விழும். அந்தத் துண்டுத் தாளை விண்ணப்பத்தோடு குண்டூசியால் குத்தி ஃபைலில் வைப்போம். அதைப் பார்த்துத்தான் பதிவுப் புத்தகத்தில் நம்பரை எழுதுவோம். தேய்ப்பது குமாஸ்தா வேலை. எஞ்சின் நம்பர் போட்டு வண்டியோடு வருகிற கப்பல் சீட்டோடு அதை ஒத்துப் பார்ப்பது இன்ஸ்பெக்டர் வேலை.

அன்றைக்கு நல்ல மழை. இன்ஸ்பெக்டர் உள்ளே கணப்பருகே துரையோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் வெளியே நடுங்கிக்கொண்டு நின்றேன். அந்தோணி என்று துரையின் டிரைவர், என் வயதுதான் இருக்கும், எனக்குக் குடை பிடித்தார். அந்த மாதிரி எஞ்சினை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. லாரியில் பழகிய இடத்தில் தேடினேன், இல்லை. பக்கவாட்டில் கண்ணுக்கு நேரே பெரிய எழுத்தில் ஒரு நம்பர் இருந்தது. தாளை வைத்துத் தேய்த்தேன். கறுகறுவென்று அழகாக விழுந்தது. இன்ஸ்பெக்டர் பார்த்துவிட்டு, “இதுதான்யா தேய்ப்பு” என்றார். கப்பல் சீட்டை அவர் கேட்கவே இல்லை. முதல் பாராட்டு. நான் மலையிறங்குகிற வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன்.

எட்டு வருஷம் போயிற்று. துரை இறந்துபோனார். உறவுக்காரர்கள் கடல் தாண்டி இருந்தார்கள். சொத்தை விற்றுக் கொடுக்க ஓர் ஏஜெண்டை வைத்தார்கள். காரைக் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேட்டார். அவருக்கு ஒரே நிபந்தனைதான்: காரோடு வந்த அசல் எஞ்சினே இருக்க வேண்டும், மாற்று எஞ்சின் என்றால் காரே வேண்டாம். சோதித்துப் பார்க்க அவர் அனுப்பிய ஆள் டார்ச்சோடு காருக்கு அடியில் படுத்து, டைனமோவுக்குக் கீழே வெட்டியிருந்த எஞ்சின் நம்பரைப் படித்தான். பதிவுப் புத்தகத்தில் இருந்தது வேறு நம்பர். இது அசல் எஞ்சின் இல்லை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். ஒத்துப் பார்க்கத் துரையின் காகிதங்களில் கப்பல் சீட்டும் அகப்படவில்லை.

ஏஜெண்ட் நேரே போலீஸுக்குப் போனார். கார் சாவி எட்டு வருஷமாக யாரிடம் இருந்தது? அந்தோணியிடம். அப்புறம் என்ன? அந்தோணி தினமும் காலையில் ஸ்டேஷனுக்குப் போய்க் கையெழுத்துப் போட வேண்டியதாயிற்று. அவர் மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தாள். விஷயம் தீருகிற வரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அசல் எஞ்சினை யாருக்கு விற்றான் என்று அடுத்த முகாமுக்குள் சொல்லாவிட்டால் திருட்டுக் கேஸ் கோர்ட்டுக்குப் போகும் என்று ஏஜெண்ட் கெடு வைத்தார். முகாம் அன்று இன்ஸ்பெக்டர் பங்களாவுக்கு வந்து காரைச் சோதிப்பதாகவும் ஏற்பாடாயிற்று.

ஊர் வாயை யார் மூடுவது? துரை காரின் எஞ்சின் ஒட்டன்சத்திரத்தில் யாரோ ஒருவரின் கத்தரித் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிறது என்றார்கள். பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்றார்கள். அதோடு இன்னொரு பேச்சும் கிளம்பியது. அந்த மலையில் அப்படி ஓர் எஞ்சினைக் கழற்றி வேறொன்றை மாட்டத் தெரிந்த ஆள் ஒருவர்தான். ஒற்றை ஆளாகச் சங்கிலி போட்டு இறக்குவாரே, அவர்தான். உதவிக்கு ஆள் வைக்காததன் காரணம் இப்போது புரிகிறதா என்று பஸ்ஸில் ஒருவர் என்னிடமே கேட்டார். ஸ்பானர் விஷயம் எனக்கு நினைவு வந்தது. தன்மீது சந்தேகம் விழாமலிருக்கத்தான் ஊரையெல்லாம் சந்தேகப்படுகிறாரோ என்று எனக்கும் தோன்றியது. மறைக்க என்ன இருக்கிறது, நான் அதை நம்பினேன்.

அந்த மாதம் முகாம் முடிந்து இறங்கும்போது பெருமாள்மலையில் மேஸ்திரி பஸ்ஸுக்குள்ளேயே ஏறி வந்து என் பக்கத்தில் நின்றார்.

“துரை வண்டிக்கு நம்பர் எடுத்தது யாருங்க, கிளார்க்கய்யா?”

“நான்தான்.”

“பாத்து எழுதுனீங்களா, தேய்ச்சு எடுத்தீங்களா?”

“தேய்த்துத்தான். விதிப்படி.”

“அந்தத் தாளு இருக்கா?”

“ஃபைலில் இருக்கும். எதற்கு?”

“அடுத்த தடவ கொண்டாங்க. நான் பாக்கணும்.”

எனக்கு எரிச்சல் வந்தது. “நீங்கள் யார் அதைக் கேட்க? ஊரில் உங்களைப் பற்றி என்ன பேசுகிறார்கள் தெரியுமா?”

“தெரியும். அதுக்குத்தான் கேக்குறேன்.”

“அந்தோணி எடுக்கவில்லை என்கிறீர்களா?”

“அப்படி யாரு சொன்னா?” என்றார் அவர். “அவன் எடுத்திருக்கலாம். துரையே மாத்தியிருக்கலாம். ஏஜெண்டு சோடிச்சிருக்கலாம். நீங்க தப்பா எழுதியிருக்கலாம். எல்லாம் கெடக்கு வரிசையா. ஒண்ணொண்ணாத்தான் கழட்டணும்.”

கண்டக்டர் விசில் ஊதியதும் இறங்கிப் போய்விட்டார். வத்தலக்குண்டு வரை எனக்குக் காது சூடாகவே இருந்தது.

மதுரை போன மறுநாள் ஆபீஸில் அந்தப் பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். மேஸ்திரியின் முகத்தில் கரி பூச வேண்டும் என்ற ஆசையில்தான் எடுத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். துண்டுத் தாள் விண்ணப்பத்தோடு குத்தியபடி இருந்தது. குண்டூசி துருப்பிடித்துத் தாளில் பழுப்பு ஏறியிருந்தது. நம்பர் கறுகறுவென்று அப்படியே இருந்தது. புதுக் குமாஸ்தாவாக இருந்தபோது எனக்குப் பெருமையாகத் தெரிந்த அந்தக் கறுப்பைத்தான் இப்போது ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் பார்த்தேன்.

இடையில் எட்டு வருஷத்தில் ஆயிரக்கணக்கான தேய்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். எஞ்சின் நம்பர் இரும்பில் வெட்டிய எழுத்து. பள்ளமாக இருக்கும். தேய்த்தால் சுற்றிலும் கறுப்பாகி, எழுத்து மட்டும் வெள்ளையாக நிற்கும். என் தாளில் எழுத்து கறுப்பாக இருந்தது, சுற்றிலும் வெள்ளை. அப்படியானால் நான் தேய்த்தது பள்ளமான எழுத்தை அல்ல, புடைத்து நின்ற எழுத்தை. புடைத்த எழுத்து வார்ப்பில் வருவது. எஞ்சினின் இரும்பை எந்த அச்சில் ஊற்றினார்களோ அந்த அச்சின் நம்பர் அது. அந்தக் கம்பெனி செய்த அதே மாதிரி எஞ்சின் ஒவ்வொன்றிலும் அதே நம்பர்தான் இருக்கும். மழையில், குளிரில், அடியில் குனிந்து தேடச் சோம்பி, கண்ணுக்கு எதிரே இருந்ததைத் தேய்த்துவிட்டு வந்திருக்கிறேன். அந்தத் தப்பான நம்பரைப் பதிவுப் புத்தகத்தில் எழுதியதும் என் கைதான்.

அப்போது ஹெட் கிளார்க் பதவிக்கான பட்டியலில் என் பெயர் முதலில் இருந்தது. முந்தைய வருஷம்தான், தப்பான பதிவு போட்ட ஒருவரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். என் மனைவிக்கு அது ஏழாவது மாதம். நான் குண்டூசியை உருவினேன். துண்டுத் தாளைச் சட்டைப் பையில் வைத்தேன். ஃபைலில் தாள் விழுந்துபோவது சகஜம், யாரும் கேட்க மாட்டார்கள். மேஸ்திரியும் டிரைவரும் கூட்டுக் களவாணிகளாக இருந்தால் அவர்களுக்காக நான் ஏன் வேலையை இழக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த மாதம் முழுக்க அதைத் தினம் பத்துத் தடவை சொல்லிக்கொண்டேன். ஒருவரைப் பற்றிக் கெட்டதாக நம்புவது இவ்வளவு வசதியாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அடுத்த முகாம் அன்று கொடைக்கானலில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. அந்தோணி நின்றுகொண்டிருந்தார். ஸ்டேஷனில் கையெழுத்துப் போட்டுவிட்டு நேரே வந்திருந்தார். ஆள் இளைத்துப் போயிருந்தார். என் மூட்டையை வாங்கிக்கொண்டு, என் தலைக்கு மேல் குடையைப் பிடித்தார்.

“வாங்க சார். இன்ஸ்பெக்டரய்யா ஜீப்புல முன்னாடியே பங்களாவுக்குப் போயிட்டாங்க. வெரசா போயிரலாம்.”

ஏரிக்கரையோடு நடந்தோம். அவரே பேசினார்.

“சார், ஆளாளுக்குப் பேசுறாங்க. கிளார்க்கு தப்பா எழுதியிருப்பாருன்னுகூட ஸ்டேஷன்ல ஒருத்தர் சொன்னாரு. நான் ஒத்துக்கலைங்க. அன்னிக்கு மழையில நனைஞ்சுக்கிட்டு நீங்க தேய்ச்சு எடுத்தத நான் கண்ணால பாத்தேன். குடை புடிச்சவனே நான்தான. அந்த நம்பர் தப்பா இருக்காதுன்னு சொல்லிட்டேன்.”

“அப்படியானால் எஞ்சினை யார் மாற்றியது, அந்தோணி?”

“துரைதான் எனக்குத் தெரியாம மாத்தியிருக்கணும்ங்க. வேற என்ன சொல்ல? செத்தவரப் பத்திச் சொல்லக் கூடாது. ஆனா கணக்கு அப்படித்தான வருது.”

பத்து வருஷம் சோறு போட்ட மனிதரைச் சந்தேகித்தாலும் சந்தேகிப்பார், என்னைச் சந்தேகிக்க மாட்டார். குடை என் பக்கமே சாய்ந்திருந்தது. அவருடைய வலது தோள் முழுக்க நனைந்திருந்தது. என் சட்டைப் பையில் இருந்த துண்டுத் தாள் நனைந்துவிடுமோ என்று நான் கையால் மூடிக்கொண்டேன். எதற்காக மூடினேன் என்று எனக்கே தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

பங்களா வராந்தாவில் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். அவர் உள்ளே போனதும் ஃபைலைத் திறந்து, துண்டுத் தாளை அதன் இடத்தில் வைத்துப் புதுக் குண்டூசியால் குத்தினேன். அவசரத்தில் விரலிலும் குத்திக்கொண்டேன்.

கார் ஷெட்டில் இன்ஸ்பெக்டரும் ஏஜெண்டும் இருந்தார்கள். மேஸ்திரி ஓரமாக நின்றிருந்தார். அவரை யாரும் கூப்பிட்டதாகத் தெரியவில்லை. எஞ்சின் மீது எட்டு வருஷ எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் கறுப்பாக அப்பியிருந்தது.

“தாளு இருக்கா?” என்றார் மேஸ்திரி.

ஃபைலைக் கொடுத்தேன். அவர் துண்டுத் தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். நம்பரைப் பார்த்தார். பிறகு தாளின் மேல்முனையைப் பார்த்தார். அங்கேயே வெகுநேரம் பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று எனக்குப் புரிந்தது. சொல்லிவிடுவார் என்று நின்றேன். அவர் என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, தாளை இன்ஸ்பெக்டரிடம் நீட்டினார்.

“எழுத்து கறுப்பா இருக்குங்க.”

இன்ஸ்பெக்டருக்கு அது போதும். அவர் முகம் மாறியது. மேஸ்திரி மண்ணெண்ணெய்த் துணியால் எஞ்சினின் பக்கவாட்டைத் துடைத்தார். பிசுக்குக்கு அடியிலிருந்து, பெரிய எழுத்தில், புடைத்த நம்பர் வந்தது. பதிவுப் புத்தகத்தில் இருந்த அதே நம்பர்.

“தப்பு என்னுடையது சார்” என்றேன். “இடம் தெரியாமல் வார்ப்பு நம்பரைத் தேய்த்துவிட்டேன். அந்தோணி மீது குற்றமில்லை.”

ஏஜெண்ட் ஷெட் முழுக்கக் கேட்கும்படி, “அப்படின்னா இதுதான் அசல் எஞ்சின்!” என்றார்.

“யாரு சொன்னா?” என்றார் மேஸ்திரி.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். தண்ணீர்ச் செம்போடு வந்து நின்ற அந்தோணி அதைக் கீழே வைத்தார்.

“இந்த நம்பரு இதே மாதிரி எல்லா எஞ்சின்லயும் இருக்கும். கிளார்க்கய்யா தப்பு பண்ணுனாருங்கறதுதான் இதுல தெரியுது. அந்தோணி தப்பு பண்ணலைன்னு இதுல எங்க இருக்கு?”

அந்த மனிதரின் கழுத்தைப் பிடித்துவிடலாமா என்று இருந்தது எனக்கு. நான் என் வேலையைக் கொண்டுவந்து அங்கே வைத்திருக்கிறேன், அது போதவில்லை அவருக்கு.

அவர் இன்ஸ்பெக்டரிடம் போனார். “நாலு வருஷத்துக்கு முன்னாடி துரை காலத்துல வால்வு சோலிக்காக நான் இந்த எஞ்சினத் தொறந்தேன். நான் தொறக்குற ஒவ்வொரு எஞ்சின்லயும் உள்ள எங்கயாச்சும் மூணு புள்ளி குத்தி வைப்பேன். எனக்குப் பின்னாடி எவன் என்னத்த மாத்துறான்னு தெரியணும்ல. இதுவரைக்கும் யாருகிட்டயும் சொன்னதில்ல. வால்வு மூடிக்கு அடியில, எஞ்சின் இரும்புலயே, இடது மூலை. மொதல்ல இத எழுதிக்கங்க. அப்புறம் நீங்களே தொறங்க. நான் தொட மாட்டேன்.”

இன்ஸ்பெக்டர் எழுதினார். தானே மூடியைக் கழற்றினார். இடது மூலையில் மூன்று புள்ளிகள் இருந்தன.

“போன வாரம்கூடக் குத்தியிருக்கலாமே” என்றார் ஏஜெண்ட்.

மேஸ்திரி முதல் தடவையாக அவரைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தார். “நல்ல கேள்விங்க. குண்டூசியால உள்ள நோண்டிப் பாருங்க. புதுசுன்னா பளபளன்னு இருக்கும்.”

ஏஜெண்ட் நோண்டினார். புள்ளிகளுக்குள் எண்ணெய் கருகிக் கல்லாக இறுகியிருந்தது. துரை உயிரோடு இருந்த காலத்து எஞ்சின்தான் இது என்று இன்ஸ்பெக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏஜெண்ட் அன்று மாலையே ஸ்டேஷனில் புகாரைத் திரும்பப் பெற்றார். “மேஸ்திரி, மொதல்லயே இத எங்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?” என்று அந்தோணி கேட்டதற்கு, “என் குறிய நானே காட்டுனா, ரெண்டு பேரும் கூட்டுன்னு சொல்லியிருப்பாய்ங்க. அதுவுமில்லாம, தொறந்து பாக்குற வரைக்கும் நீ எடுக்கலைன்னு எனக்கு மட்டும் எப்படித் தெரியும்?” என்றார்.

என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. பட்டியலிலிருந்து பெயரை அடித்தார்கள். ராமநாதபுரத்துக்கு மாற்றினார்கள். ஆனால் அதெல்லாம் பிறகு.

அன்று இறங்கும்போது மேஸ்திரியும் அதே பஸ்ஸில் வந்தார். என் பக்கத்தில் உட்கார்ந்தார். பெருமாள்மலையில் பஸ் நின்றதும் டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவர் யாரையும் அப்படிக் கூட்டிக்கொண்டு போனதில்லை என்று டீக்கடைக்காரரின் முகத்திலேயே தெரிந்தது. இரண்டு வடை வாங்கி ஒன்றை என்னிடம் கொடுத்தார்.

“தாள்ல நாலு ஓட்ட இருந்துச்சு” என்றார் மெதுவாக. “ரெண்டுல துரு. ரெண்டு புதுசு.”

“ஆமாம்.”

“எப்ப உருவுனீங்க?”

“போன மாதம். மதுரையில்.”

“எப்பத் திரும்பக் குத்துனீங்க?”

“இன்றைக்கு. வராந்தாவில்.”

“நீங்க கொண்டுவர மாட்டீங்கன்னுதான் நெனச்சேன்.”

“நானும் அப்படித்தான் நினைத்தேன்” என்றேன்.

அவர் தன் வடையைப் பிட்டார். ஒரு பாதியைப் பார்க்காமலே வாயில் போட்டுக்கொண்டார். மற்றப் பாதியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் திருப்பி, என் பஸ் கிளம்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார்.